ஆலிவ் எண்ணெய் காறாமல் இருக்க: செட்டிநாட்டு வெயிலுக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீட்டு அடுப்படிகளில் இப்போது எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிறவர்கள் டின்னாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். டாக்டர் சொன்னார் என்று கடையில் வாங்குகிறவர்களும் உண்டு. வந்த எண்ணெய் பெரும்பாலும் அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது.

பலரோடு உட்கார்ந்து எண்ணெய் ருசி பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நல்லெண்ணெய்க்கும் கடலெண்ணெய்க்கும் பழகிய கையோடும் நாக்கோடும் இதை அணுகுகிறோம். அதனால் புதிதாக இருப்பதைக் கெட்டது என்று ஒதுக்கிவிட்டு, கெட்டதைச் சாப்பிடுகிறோம். இந்த வழிகாட்டி முக்கியமாக அதைத் திருத்தத்தான்.

வரிசையை மாற்றாதீர்கள். லேபிள் பார்ப்பது, ருசி பார்ப்பது, பிரித்து ஊற்றுவது, இடம் தேடுவது என்றுதான் போக வேண்டும். பலர் முதலில் பத்திரமாக வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் திறந்து, 'இது வரும்போதே இப்படியா, இங்கே வந்து கெட்டதா' என்று திகைக்கிறார்கள். அப்போது அதற்குப் பதில் கிடைக்காது.

1. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

200 அல்லது 250 மி.லி. பிடிக்கும் பழுப்பு அல்லது கரும்பச்சைக் கண்ணாடிப் பாட்டில்கள் வேண்டும். மூடி இறுகத் திருக வேண்டும். பழைய டானிக் பாட்டிலும் ஊறுகாய்ப் பாட்டிலும் வேண்டாம். கண்ணாடி கழுவினால் சுத்தமாகிவிடும், ஆனால் மூடிக்குள் இருக்கும் வளையத்தில் பழைய வாடை தங்கிவிடும்.

எவர்சில்வர் புனல், காகித டேப், பேனா, சின்ன எவர்சில்வர் டம்ளர் இரண்டு, அவற்றை மூட இரண்டு சின்னத் தட்டு, சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்று. இவ்வளவு போதும்.

இன்னொன்றும் வேண்டும், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். காறல், அதாவது எண்ணெய் பழசாகிக் கெட்ட வாடை, எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மாதிரி தயார் செய்துகொள்ளுங்கள். இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, மூடாமல், வெயில் படும் ஜன்னலில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று வாரத்தில் வாசனை மாறிவிடும். தினமும் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். கெட்டுப்போகிற வாசனை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று மூக்கு ஒரு முறை தெரிந்துகொண்டால் பிறகு மறக்காது.

2. லேபிளைப் படிப்பது

முதலில் வகையைப் பாருங்கள். கடைத்தட்டில் ஒரே மாதிரி பாட்டிலில் நான்கு வெவ்வேறு சரக்கு நிற்கும்.

'எக்ஸ்ட்ரா விர்ஜின்' என்றால் காயை அரைத்து, இயந்திரத்தால் மட்டுமே பிரித்த எண்ணெய். ரசாயனமும் கிடையாது, சுத்திகரிப்பும் கிடையாது. 'விர்ஜின்' அதற்கு ஒரு படி கீழே. வெறும் 'ஆலிவ் ஆயில்', 'ப்யூர்', 'எக்ஸ்ட்ரா லைட்' என்று இருந்தால் பெரும்பகுதி சுத்திகரித்த எண்ணெய், அதில் கொஞ்சம் விர்ஜின் கலந்திருப்பார்கள். 'பொமேஸ்' என்பது எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் சக்கையிலிருந்து கரைப்பான் போட்டு எடுத்து, சுத்திகரித்து, விர்ஜின் கலந்தது. நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைப்பதில் பல பொமேஸ்தான். அதைப் பொரிக்க வாங்கினால் சரி. எக்ஸ்ட்ரா விர்ஜின் என்று நினைத்து வாங்கினால் பணம் வீண்.

'லைட்' என்ற பெயரைப் பார்த்து, உடம்பு குறைக்க வேண்டியவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். நிறமும் சுவையும்தான் அதில் குறைவு. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான்.

அடுத்து அறுவடைத் தேதி. எல்லா லேபிளிலும் இருக்காது, இருந்தால் அந்தப் பாட்டிலுக்கு முன்னுரிமை கொடுங்கள். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பெரும்பாலும் பாட்டிலில் அடைத்த நாளிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு வருஷம். காய் பறித்து, தொட்டியில் மாதக்கணக்கில் கிடந்து, அப்புறம் அடைத்த எண்ணெய்க்கும் அதே இரண்டு வருஷம் போடலாம். ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், துனிசியா பக்கம் அறுவடை பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை. ஆஸ்திரேலியா, சிலி, அர்ஜென்டினாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை. அறுவடை முடிந்து ஒரு வருஷத்துக்குள் தீர்ந்துவிடும்படி கணக்குப் போட்டு வாங்குங்கள்.

அமில அளவைப் பற்றிக் கேள்வி வரும். எக்ஸ்ட்ரா விர்ஜினுக்கு அது 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இது புளிப்பு இல்லை, நாக்கில் தெரியவே தெரியாது. காய் அடிபட்டதா, அழுகியதா, பறித்து எத்தனை நேரம் கழித்து அரைத்தார்கள் என்பதையெல்லாம் ஆய்வகத்தில் காட்டிக்கொடுக்கும் எண் அது. 0.2, 0.3 என்று போட்டிருந்தால் நல்ல காயில் எடுத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே வந்து காறியதா இல்லையா என்பதை அது சொல்லாது. அதற்கு பெராக்சைடு அளவு என்று வேறொரு எண் இருக்கிறது. எண்ணெய் காற்றோடு சேரும்போது உருவாகும் பொருள்தான் பெராக்சைடு. அதன் உச்ச வரம்பு 20.

'கோல்டு எக்ஸ்ட்ராக்டட்' என்பதற்கு ஐரோப்பிய விதிப்படி பொருள் உண்டு: 27 டிகிரிக்குக் கீழே எடுத்தது. 'இத்தாலியில் அடைக்கப்பட்டது' என்பதும் 'இத்தாலியில் விளைந்தது' என்பதும் ஒன்றல்ல. காய் எந்த நாட்டுக் காய் என்று தனியே எழுதியிருக்கும், அதைத் தேடிப் படியுங்கள்.

நம் வெயிலுக்கு என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: காயின் ரகம் எழுதியிருந்தால் கோரத்தினா, பிக்குவல், கொரோனெய்க்கி ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். கசப்பும் காரமும் கூடிய ரகங்கள். அந்தக் கசப்பையும் காரத்தையும் தருகிற பாலிஃபீனால் என்ற பொருள்களே எண்ணெய் காறுவதைத் தள்ளிப்போடுகின்றன. அர்பெக்கினா மென்மையாக, பழ வாசனையோடு இருக்கும், புதிதாகப் பழகுபவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அது சீக்கிரம் தளர்ந்துவிடும். அதைச் சின்னப் பாட்டிலாக மட்டும் வாங்குங்கள்.

கடையில் எடுக்கும்போது வெயில் அடிக்கும் கண்ணாடிப் பக்கம் நிற்கும் பாட்டிலை எடுக்க வேண்டாம், தட்டின் உள்ளே கைவிட்டு எடுங்கள். ஆலிவ் எண்ணெய் மெதுவாக விற்கும் ஊரில் முன்வரிசைப் பாட்டில் மாதக்கணக்கில் வெளிச்சத்தில் நின்றிருக்கும்.

3. வந்த அன்றே ருசி பார்ப்பது

தீபாவளிக்குத் திறக்கலாம், மகள் ஊரிலிருந்து வந்ததும் திறக்கலாம் என்று வைக்காதீர்கள். வைத்தால் கூடிவரும் சரக்கு இல்லை இது. அடைத்த நாளிலிருந்து இறங்குமுகம்தான்.

காலையில் காபிக்கு முன் செய்யுங்கள். வெற்றிலை, புகையிலை, பல்பொடி வாசனை எதுவும் வாயில் இருக்கக்கூடாது. தலையில் மல்லிகைப்பூ இருந்தாலும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் குழம்பு தாளிக்கிற நேரத்திலும் வேண்டாம்.

எவர்சில்வர் டம்ளரில் ஒரு மேசைக்கரண்டி, சுமார் 15 மி.லி. ஊற்றுங்கள். கண்ணாடி டம்ளர் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. நிறம் தெரிந்தால் மனம் ஏமாறும். தேர்ந்த ருசியாளர்களே நிறம் தெரியாதபடி நீலக் கண்ணாடிக் கோப்பையில்தான் பார்க்கிறார்கள். பச்சையாக இருந்தால் நல்லது, மஞ்சளாக இருந்தால் மட்டம் என்பதெல்லாம் கிடையாது. ரகத்தையும் பறித்த பருவத்தையும் பொறுத்து நிறம் மாறும், அவ்வளவுதான்.

தட்டால் மூடி, டம்ளரை உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிஷம் சுழற்றுங்கள். எண்ணெய் 28 டிகிரி அளவில் இருக்கும்போது வாசனை நன்றாக எழும். மார்கழியில் கைச்சூடு தேவைப்படும். சித்திரையில் சும்மா வைத்தாலே போதும்.

மூடியை எடுத்ததும் முகருங்கள். புல், தக்காளி இலை, பச்சைக்காய், பழுக்காத வாழைப்பழத் தோல், இப்படிப் பச்சையான ஏதாவது ஒரு வாசனை வர வேண்டும். எதுவுமே வரவில்லை என்றால் அதையும் ஒரு பதிலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் படரவிட்டு, பல்லிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, விழுங்குங்கள். விழுங்கிவிட்டுப் பத்து நொடி பேசாமல் இருங்கள். கசப்பு நாக்கில் தெரியும். காரம் விழுங்கிய பின்தான் தொண்டையில் வந்து பிடிக்கும். துப்பிவிட்டால் அந்தக் காரம் தெரியாமலே போய்விடும்.

இங்கேதான் புதியவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் அந்த வருஷத்துப் புது எண்ணெயை ஆச்சி ஒருவரிடம் கொடுத்தபோது, விழுங்கியதும் இரண்டு முறை இருமினார்.

"காறுதேப்பா தம்பி. யாரு தலையில கட்டுனாக உங்களுக்கு? வெளக்குக்கு எடுத்து வையி."

"ஆச்சி, காறல்னா நாக்குலயே ஒட்டுமே. இது எங்கே பிடிக்குது?"

கையைத் தொண்டைக் குழியில் வைத்துக் காட்டினார். அதே அடுப்படியில் பழைய டின் ஒன்று திறந்தபடி இருந்தது. அதில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். "இதுதான் பதமா இருக்கு" என்று தொடங்கியவர், கொஞ்ச நேரம் வாயை மென்றுவிட்டு, "அடியில பழைய கடலை மாதிரி வருதே" என்றார். அவருடைய நாக்குக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. எதை எங்கே தேட வேண்டும் என்று மட்டும்தான் சொல்ல வேண்டியிருந்தது.

தொண்டையைக் கமறவைப்பது ஓலியோகாந்தல் என்ற பொருள். ஐபுப்ரோஃபென் மாத்திரை மருந்துக்கும் அதே மாதிரி தொண்டையைப் பிடிக்கும் குணம் உண்டு. 2005 இல் இந்த ஒற்றுமையை வைத்துத்தான் ஆய்வாளர்கள் இதன் வீக்கம் தணிக்கும் தன்மையை நேச்சர் இதழில் எழுதினார்கள். எண்ணெய் பழசாக ஆக இது குறைந்துகொண்டே போகும். ஆகவே கமறல் இருந்தால் எண்ணெயில் இன்னும் உயிர் இருக்கிறது. நல்லெண்ணெயில் பழகிய நமக்கு, தொண்டையில் பிடிக்கிற எண்ணெய் நல்ல எண்ணெய் என்று நம்புவது கஷ்டம்தான். இரண்டு மூன்று முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால் மாறிவிடும்.

ஒரே வேளையில் நாலு எண்ணெய்க்கு மேல் பார்க்காதீர்கள். இடையில் தண்ணீரும் ஒரு துண்டு ஆப்பிளும் போதும்.

4. குறைகளைப் பிரித்து அறிவது

விதி கண்டிப்பானது: தேர்ந்த ருசிக் குழு ஒரு குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அது எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆகாது. குறை பூஜ்யம், பழ வாசனை பூஜ்யத்துக்கு மேல். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.

நம் கையில் அகப்படும் குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று காறல். ஆலையில் நன்றாக இருந்து, வழியிலோ கடையிலோ வீட்டிலோ காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டு வந்தது. டப்பாவில் கிடந்த பழைய வேர்க்கடலை, மெழுகுக் கிரேயான், கெட்டுப்போன உதட்டுச்சாயம், இந்த வகை வாசனை. முதலில் செய்துவைத்த காறல் கிண்ணத்தை இப்போது பக்கத்தில் எடுத்து முகர்ந்து ஒப்பிடுங்கள்.

மற்றவை ஆலைக்கு வரும் முன்பே அல்லது ஆலையிலேயே விழுந்த குறைகள். காயைக் குவித்துப் போட்டுப் புழுங்கவிட்டால் ஊறவைத்த காயின் புளித்த வாடை வரும். ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த காயென்றால் ஈரச்சாக்கு வாடை. காய் புளித்திருந்தால் காடி வாடை. அடியில் தங்கிய கசடோடு நாள்கணக்கில் கிடந்த எண்ணெயில் சாக்கடை நாற்றம்.

இந்தப் பிரிவு எதற்கு? காறல் என்றால் வைத்த இடத்தையும் கடையையும் மாற்ற வேண்டும். மற்ற வாடை என்றால் அந்தச் சரக்கையே மாற்ற வேண்டும், எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் அது திருந்தாது. இரண்டாவது வகை என்றால் பில்லையும் திறக்காத இன்னொரு பாட்டில் இருந்தால் அதையும் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் கேளுங்கள். பாட்டிலில் தொகுதி எண் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கலப்படம் என்று சந்தேகம் இருந்தால் நாக்கு போதாது. அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஃபிரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். உறைவது ரகத்தையும் அதிலுள்ள மெழுகையும் கொழுப்பு அமிலங்களையும் பொறுத்தது. நல்ல எண்ணெயும் உறையாமல் இருக்கலாம், கலப்பட எண்ணெயும் உறையலாம். திரி போட்டு எரித்துப் பார்ப்பதும் அப்படியே. எந்த எண்ணெயிலும் திரி எரியும்.

5. பிரித்து ஊற்றுவது

ருசி சரி என்றால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். 3 லிட்டர், 5 லிட்டர் டின் என்றால் இது கட்டாயம். டின்னைத் திறந்து தினமும் கொஞ்சம் எடுத்தால், எண்ணெய் இறங்க இறங்க அந்த இடத்தைக் காற்று நிரப்பும். பாதி டின் காற்றும் பாதி எண்ணெயும் என்று ஆன பிறகு கெடுவது வேகமாகும்.

பாட்டில்களைச் சோப்புப் போட்டுச் சுடுநீரில் அலசி, கவிழ்த்து, வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் கூட இருக்கக்கூடாது.

புனல் வைத்து ஊற்றும்போது கழுத்து வரைக்கும் நிரப்புங்கள், ஆனால் மூடியைத் தொடும் அளவுக்கு வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் எண்ணெய் விரியும். விளிம்பு வரை நிரப்பிய பாட்டில் மத்தியானம் கசிந்து, மூடியின் மரையில் எண்ணெய் படிந்து, முதலில் அங்கே காறத் தொடங்கும். அப்புறம் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் நல்ல எண்ணெய் அந்த மரையைத் தொட்டுக்கொண்டே வரும். ஒரு விரல் கனம் இடம் விட்டால் போதும். ஊற்றி முடித்ததும் பாட்டில் வாயைச் சுத்தமான துணியால் துடைத்து மூடுங்கள்.

வடிகட்டாத, கலங்கலான எண்ணெய் என்றால் டின்னை அசைக்காமல் மேலாக ஊற்றுங்கள். அடியில் நிற்கும் கசடுள்ள பகுதியைத் தனிப் பாட்டிலில் எடுத்து முதலில் செலவழியுங்கள். அந்தக் கசடில் ஈரம் இருக்கும், அதுதான் முதலில் புளிக்கும்.

பாத்திரத்தில் ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் பித்தளைத் தூக்கும் செம்புப் பாத்திரமும் நிறைய இருக்கின்றன, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். அவற்றில் ஆலிவ் எண்ணெயை ஒரு நாள்கூட வைக்காதீர்கள். செம்பும் இரும்பும் எண்ணெய் காற்றோடு சேர்வதைத் துரிதப்படுத்தும். எனாமல் தெறித்த மங்குச் சாமானிலும் அடியில் இரும்பு தெரியும், அதுவும் வேண்டாம். எவர்சில்வர் நல்லது. பிளாஸ்டிக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும், வாடையையும் பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் விட அதிகமாக நான் பார்த்த தவறு, பழையதன் மேல் புதியதை ஊற்றுவது. எண்ணெய்த் தூக்கு காலியாகும் முன் மேலே ஊற்றி நிரப்புவது தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். நல்லெண்ணெய் அதைத் தாங்கும். எள்ளில் இருக்கும் செசாமோல் போன்ற பொருள்கள் அதைக் காறவிடாமல் காக்கின்றன. ஆலிவ் எண்ணெய்க்கு அந்தத் துணை இல்லை. அடியில் ஒட்டிய பழைய எண்ணெயில் ஏற்கெனவே உருவான பெராக்சைடுகள் புது எண்ணெயையும் சேர்த்து இழுத்துவிடும். காலி செய்து, கழுவி, காயவைத்து, அப்புறம்தான் அடுத்தது.

டேப்பில் அறுவடை மாதம், டின் திறந்த தேதி இரண்டையும் எழுதி ஒட்டுங்கள். பாட்டிலுக்கு 1, 2, 3 என்று எண் போட்டால் வரிசையாக எடுக்கலாம்.

6. வீட்டில் எந்த இடம்

எண்ணெய்க்குப் பிடித்தது 15 முதல் 20 டிகிரி. நம் பக்கம் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் அறைக்குள்ளேயே 30 டிகிரி இருக்கும், அக்னி நட்சத்திரத்தில் இன்னும் ஏறும். தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் கெடும் வேகம் இரண்டு மடங்காகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் நாட்டில் ஒன்றரை வருஷம் தாங்கும் எண்ணெய்க்கு இங்கே அத்தனை ஆயுள் கிடையாது.

இடம் தேட வெப்பமானியை எடுத்துக்கொண்டு மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டைச் சுற்றுங்கள். அந்த நேரத்துச் சூடுதான் கணக்கு.

பழைய செட்டிநாட்டு வீடு என்றால் பாதி வேலை முடிந்தது. வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றியுள்ள அறைகளில், கனத்த சுவருக்குள், ஜன்னல் இல்லாத அறை ஒன்று இருக்கும். தரைத்தளத்தில், தரையை ஒட்டிய கீழ்த்தட்டில் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சியும் உதவும். முற்றத்து வெளிச்சம் விழும் தாழ்வாரம் வேண்டாம். மாடி அறையும் வேண்டாம்.

கான்கிரீட் வீட்டில் மேற்குச் சுவர் சாயங்காலம் வரை கொதித்து, இரவிலும் சூட்டை விடும். அந்தச் சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிருங்கள். பரண் வேண்டாம், கூரைச்சூடு அங்கேதான் நிற்கும். அடுப்புக்கு மேல், அடுப்புக்குப் பக்கம், ஃபிரிட்ஜின் தலைமேல், மூன்றும் வேண்டாம். வடக்கு அல்லது கிழக்குப் பக்க அறையில், கதவுள்ள அலமாரியின் அடித்தட்டுதான் சரி.

வெளிச்சத்தை லேசாக எடுக்காதீர்கள். எண்ணெயில் இருக்கும் பச்சையம் வெளிச்சத்தை வாங்கி, காற்றோடு சேர்ந்து எண்ணெயை வேகமாகக் கெடுக்கும். வெயில்தான் என்று இல்லை, ராப்பகலாக எரியும் டியூப் லைட்டும் போதும். வெளிர் பாட்டிலில்தான் கிடைத்தது என்றால் அலுமினியத் தாளைச் சுற்றிவிடுங்கள்.

பங்குனி முதல் ஆடி வரை எந்த அறையும் 30 டிகிரிக்குக் கீழே வரவில்லை என்றால், திறக்காத சின்னப் பாட்டில்களை ஃபிரிட்ஜில் வைக்கலாம். எண்ணெய் கலங்கி, வெண்மையாகத் திரளும். கெட்டுவிட்டதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். வெளியே எடுத்தால் உருகிவிடும். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். வெளியே எடுத்த பாட்டில் முழுக்க அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், குளிர்ந்த பாட்டிலைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படியும். வெளியே எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். அதனால்தான் சின்னப் பாட்டில் என்று முதலிலேயே சொன்னது.

7. கையாளும் பாட்டிலும் மாதாந்திரச் சோதனையும்

அடுப்படியில் ஒரே ஒரு பாட்டில் மட்டும் நிற்கட்டும். குளிர் நாட்டுக்காரர்கள் திறந்த பாட்டிலுக்கு இரண்டு மாதம் கொடுப்பார்கள். இங்கே ஒரு மாதத்தில் தீர்த்துவிடுங்கள். 250 மி.லி. ஒரு மாதத்தில் தீராத வீடு என்றால் அதைவிடச் சின்னப் பாட்டிலாக எடுங்கள். எப்போதும் திறந்தபடி நிற்கும் மூக்குச் சாடி அழகுதான், ஆனால் அதன் மூக்கில் நின்ற எண்ணெய்தான் அடுத்த வேளைத் தட்டில் முதலில் விழும். மூடி போட்டதையே பயன்படுத்துங்கள்.

மாதம் ஒரு முறை, புதுப் பாட்டில் திறக்கும் அன்று, அதே டம்ளர் முறையில் ருசி பாருங்கள். எண்ணெய் ஒரே நாளில் கெடாது, படிப்படியாகத்தான் இறங்கும். முதலில் பச்சை வாசனை மெலியும். அடுத்து கசப்பும் தொண்டைக் காரமும் குறையும். பிறகு எந்தக் குணமும் இல்லாமல் வெறும் வழவழப்பாக இருக்கும். அதற்கும் பிறகுதான் காறல். அந்த வெறும் வழவழப்புக் கட்டத்தை நீங்கள் பிடித்துவிட வேண்டும். அப்போது மீதி எல்லாவற்றையும் தாளிப்புக்கும் வதக்கலுக்கும் கொண்டுவந்து சீக்கிரம் தீர்த்துவிடலாம், ஒரு சொட்டும் வீணாகாது.

நன்றாக இருக்கும்போது பச்சையாக ஊற்றிச் சாப்பிடுங்கள். இட்லிப் பொடியில் குழைக்க, சூடான பருப்புச் சோற்றின் மேல் ஒரு கரண்டி, சுண்டலின் மேல், வெள்ளரித் துண்டின் மேல். எக்ஸ்ட்ரா விர்ஜினின் புகை நிலை சுமார் 190 முதல் 210 டிகிரி, ஆகவே தாளிப்பு, வதக்கல் எல்லாம் தாங்கும். ஆனால் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் சுட இதைச் சட்டி நிறைய ஊற்றுவதில் அர்த்தமில்லை. நீங்கள் காசு கொடுத்த வாசனை புகையோடு போய்விடும். சுட்டு மீந்த எண்ணெயை எக்காரணம் கொண்டும் பாட்டிலுக்குள் திரும்ப ஊற்றாதீர்கள்.

பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு ஊறவைத்து மணமூட்டிய எண்ணெய் செய்து பார்க்கச் சிலர் ஆசைப்படுகிறார்கள். இதைக் கவனமாகப் படியுங்கள். ஈரமுள்ள பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து அறைச் சூட்டில் வைத்தால், காற்றில்லாத அந்தச் சூழலில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கும். வாசனையிலோ ருசியிலோ அது தெரியாது. மணம் வேண்டுமானால் சாப்பிடும் வேளைக்கு மட்டும் கலந்து, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

8. காறிவிட்டது என்றால்

நாக்கில் பழைய கடலை வாடை உறுதியாகத் தெரிந்துவிட்டால் சமையலுக்கு வேண்டாம். சூடாக்கினால் போய்விடும் என்பது தவறு, சூட்டில் அது கூடத்தான் செய்யும். நல்ல எண்ணெயோடு கலந்து சமாளிக்கப் பார்த்தால் இரண்டும் போகும்.

வாசல் கதவின் கீலுக்கும் பூட்டுக்கும் விடலாம். அகல் விளக்குக்கு ஊற்றலாம். தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் பூசி மெருகேற்ற மட்டும் எடுக்காதீர்கள். ஆலிவ் எண்ணெய் மரத்தில் காய்ந்து படியாது, பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடிக்கும், மாதக்கணக்கில் வாடையும் போகாது. பாட்டிலை மட்டும் நன்றாகக் கழுவிக் காயவைத்து அடுத்த டின்னுக்கு எடுத்து வையுங்கள். மூடியில் வாடை இருந்தால் மூடியை மாற்றிவிடுங்கள்.